தனிக் கடையா, கூட்டுக் கடையா?

உங்கள் கைச் சாம்பார்ப் பொடியை ஒரு தடவை வாங்கிப் போனவர்கள், மறு மாதம் டப்பாவும் கையுமாக வந்து நிற்கிறார்கள். "ஏன் மாமி, இதையே வியாபாரமாகச் செய்தால் என்ன? நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேனே!" என்கிறாள் அடுத்த வீட்டு ஸ்நேகிதி.

உடனே தலையை ஆட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் யோசியுங்கள்.

கூட்டாளி எதற்கு வேண்டும்? தனியாக இறங்கப் பயம் என்பதுதான் காரணமா? அப்படியானால் கடைத்தெருவுக்குத் தங்கையைத் துணைக்கு அழைத்துப் போங்கள். மிளகாய் ஆய வேண்டுமா? கூலிக்கு ஆள் வையுங்கள். இதற்கெல்லாம் லாபத்தில் பாதியைக் கொடுப்பானேன்?

உங்களிடம் இல்லாதது, கூலி கொடுத்தாலும் கிடைக்காதது, அவளிடம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குக் கைப்பக்குவம், அவளுக்குப் பத்துக் கடை ஏறிச் சரக்கை விற்று, பாக்கியையும் வசூலிக்கும் சாமர்த்தியம். இது நல்ல ஜோடி. இரண்டு பேருமே நன்றாக அரைப்பவர்கள், இரண்டு பேருமே பணம் கேட்கக் கூசுகிறவர்கள் என்றால், விற்பது யார்?

தனி வியாபாரத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கும் காய்ச்சல்தான்! மகளின் பிரசவத்துக்குப் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

சேர்ந்து செய்து ஜெயித்தவர்களும் உண்டு. 1959-இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய லிஜ்ஜத். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது பிழைப்புத் தருகிறது. அங்கே எஜமானி, வேலைக்காரி என்ற பேச்சில்லை. எல்லோரும் சொந்தக்காரர்கள், லாபமானாலும் நஷ்டமானாலும் எல்லோருக்கும் பங்கு. யாருக்கு என்ன என்பதில் குழப்பமே இல்லை, பார்த்தீர்களா?

நம் வீடுகளில் அந்தப் பேச்சை எடுக்கத்தான் கூச்சம். "நமக்குள் என்ன பத்திரம்?" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் 1932-ஆம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். வேறு ஏற்பாடு பேசிக்கொள்ளாவிட்டால் லாப நஷ்டம் சரிபாதி. நீங்கள் வளையலை அடகு வைத்து ஐம்பதாயிரமும் அவள் ஐயாயிரமும் போட்டிருந்தாலும் அப்படித்தான்! வியாபாரத்துக்காக அவள் கடனுக்கு வாங்கிய மிளகாய்க்கு, மண்டிக்காரர் முழுப் பணத்தையும் உங்களிடமே கேட்கலாம். கூட்டைப் பதிவு செய்யாவிட்டால், பாக்கி வைத்த கடைக்காரர்மேல் வழக்குப் போடுவதும் முடியாத காரியம். 2008-ஆம் வருஷச் சட்டப்படி, எல்.எல்.பி. என்ற முறையில் பதிவு செய்தால், பொதுவாக நிறுவனத்தின் கடன் உங்கள் நகை நட்டுவரை வராது.

ஆகவே முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: யார் எவ்வளவு முதல்? யாருக்கு என்ன வேலை? மாதம் எவ்வளவு எடுத்துக்கொள்வது? கடன் வாங்க இருவர் கையெழுத்தும் வேண்டுமா? நாளை பிரிய நேர்ந்தால் பொடியின் பெயரும் பக்குவமும் யாருக்கு?

அதற்கு முன் ஒரு தீபாவளி ஆர்டரைச் சேர்ந்து செய்து பாருங்கள். கணக்கு நோட்டை அவள் எப்படி வைக்கிறாள், நஷ்டம் வந்தால் எப்படிப் பேசுகிறாள் என்பது தெரிந்துவிடும். உங்களைப் பற்றியும் அவளுக்குத் தெரியட்டுமே!

பத்திரம் என்றதும் அவள் முகம் சுண்டுகிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்நேகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கடையைத் தனியாக ஆரம்பியுங்கள். முதல் டப்பாவை அவளுக்கே கொடுங்கள்.