மயக்கநிலையிற் குதிரையின் சுவாசப்பை

குதிரை பெரும்பாலும் நின்றபடியே துயிலும் இயல்பினது. ஏறத்தாழ 500 கிலோகிராம் நிறையுடைய அவ்விலங்கைச் சத்திரசிகிச்சைக்காக மயக்கி மல்லாக்கக் கிடத்துங்கால், வயிற்றுறுப்புக்களின் பாரம் பிரிமென்றகட்டினூடாகச் சுவாசப்பைகளை அழுத்துகின்றது. அதனாற் கீழ்ப்புறப் பகுதிகள் காற்றிழந்து சுருங்குகின்றன. ஆயினும் அவற்றினூடே குருதி ஓடுதல் நிற்பதில்லை. அக்குருதி ஒட்சிசன் பெறாமலே இதயத்துக்கு மீள்கின்றது. தூய ஒட்சிசனை அளிப்பினும் இக்குறை முற்றாய் நீங்காது. காற்றுப் புகாவிடத்து அதன் மிகுதியாற் பயனென்னை?

2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், மயக்கமருந்து பெற்ற குதிரைகளுள் நூற்றுக்கு 1.9 வீதம் ஏழு நாட்களுள் இறந்தன அல்லது கருணைக்கொலைக்குள்ளாயின. இதயநிறுத்தம், எலும்புமுறிவு முதலியனவும் இதற்குக் காரணமாயின. ஆதலின் இயலுமிடத்து, அமைதிமருந்தூட்டி, வெட்டுமிடத்தை மட்டும் விறைக்கச் செய்து, குதிரை நிற்கும்போதே சிகிச்சை செய்வர். நிற்றலே அதன் மூச்சுக்கு முதற்காவல்.