ஒரு துளியை 50 ஆகப் பிரிப்பது எப்படி? மருந்தை அளந்து விடும் குட்டி வால்வுகள்

ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண ட்ரிப்ஸ் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி லிட்டர். அதாவது ஒரு சொட்டு 50 மைக்ரோ லிட்டர். பெரியவர் ஒருவருக்கு சலைன் ஏறும்போது ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது.

அதே ஒரு சொட்டு இன்சுலினாக இருந்தால் கதையே வேறு. பம்புகளில் வழக்கமாகப் போடும் யு-100 இன்சுலினில் 1 மில்லி லிட்டருக்கு 100 யூனிட். எனவே ஒரு சொட்டில் 5 யூனிட் இருக்கும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள ஒரு சிறு குழந்தைக்கு, சாப்பாட்டுக்குக் கொடுப்பது தவிர, பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இன்சுலின் மணிக்கு 0.1 யூனிட் அளவுக்குக்கூட இருக்கலாம். கணக்குப் போட்டால், அந்த ஒரு சொட்டு 50 மணி நேரத்துக்கான மருந்து. மொத்தமாக உள்ளே போனால் ரத்தச் சர்க்கரை சடசடவென இறங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இவ்வளவு சிறிய அளவை, நாள் முழுக்க, சட்டைக்குள் மாட்டிக்கொண்டு திரியும் ஒரு கருவி எப்படி அளந்து விடுகிறது? அங்கேதான் மைக்ரோஃப்ளூயிடிக் வால்வுகள் வருகின்றன.

மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, தலைமுடி தடிமன் அளவுள்ள வாய்க்கால்களில் திரவத்தை ஓடவிட்டுக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பம். கம்ப்யூட்டர் சிப்பில் மின்சாரம் ஓடுவதுபோல, இந்தச் சிப்பில் திரவம் ஓடுகிறது. அந்த வாய்க்காலில் இருக்கும் மதகுதான் வால்வு.

இந்த அளவில் திரவத்தின் குணமே மாறிவிடும். ஆற்றில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடும். மைக்ரோ வாய்க்காலிலோ சுழலே இல்லாமல், அடுக்கடுக்காக, அமைதியாக ஓடும். அதனால் ஓட்டத்தை முன்கூட்டியே கணக்கிட முடியும். அளந்து விட வேண்டிய மருந்துக்கு இது பெரிய வசதி.

குழாயைச் சின்னதாக்கினால் போதாதா?

நியாயமான கேள்விதான். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாகக் குறையாது. 16-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்படியென்றால் ஒரு மெல்லிய குழாயை வைத்தே மருந்தைச் சொட்டவிடலாமே?

விட்டும் பார்த்திருக்கிறார்கள். 1970களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு, உடலுக்குள் பொருத்தும் ஒரு பம்பை உருவாக்கியது. அதில் பேட்டரியே கிடையாது. ஒரு பெட்டிக்குள் இரண்டு அறைகள். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் எளிதில் ஆவியாகும் ஒரு திரவம். உடல் சூட்டில் அந்தத் திரவம் ஆவியாகி மருந்து அறையை அழுத்தும். மருந்து மெல்லிய குழாய் வழியே கசிந்து வெளியேறும். ஊசி மூலம் மருந்தை மறுபடி நிரப்பும்போது ஆவி அமுங்கி மீண்டும் திரவமாகிவிடும். அட்டகாசமான ஐடியா.

ஆனா இரண்டு பிரச்சினைகள். காய்ச்சல் வந்தால் ஆவியின் அழுத்தம் கூடும், மருந்தும் இளகும், ஓட்டம் அதிகரிக்கும். விமானத்தில் பறந்தாலோ மலை ஏறினாலோ வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அப்போதும் ஓட்டம் கூடும். இரவில் குறைவாக, காலையில் அதிகமாக என்று டோஸை மாற்றவும் வழியில்லை. இன்று கீமோதெரபிக்கு வீட்டுக்கே கொடுத்தனுப்பும் பலூன் பம்புகளும் இதே குடும்பம்தான். தண்ணீர் போன்ற திரவத்தில் வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் ஓட்டம் சுமார் 2 சதவீதம் கூடிவிடும். அதனால்தான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியைத் தோலோடு ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

ஆக, திறக்கவும் மூடவும் கூடிய ஒரு கதவு தேவை.

கதவு எப்படித் திறக்கிறது?

இந்தத் துறையின் திருப்புமுனை 2000-ம் ஆண்டு. கால்டெக் நிறுவனத்தில் ஸ்டீபன் குவேக்கின் குழு, சிலிக்கோன் ரப்பரிலேயே வால்வு செய்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. கீழே திரவ வாய்க்கால், அதன் குறுக்கே மேலே ஒரு காற்று வாய்க்கால், நடுவில் மெல்லிய ரப்பர் சவ்வு. மேலே காற்றழுத்தம் கொடுத்தால் சவ்வு கீழே புடைத்துத் திரவத்தை அடைக்கும். தோட்டத்து ஹோஸ் பைப்பைக் காலால் மிதித்தால் தண்ணீர் நிற்குமே, அதே டெக்னிக். இப்படி மூன்று வால்வுகளை வரிசையாக வைத்து மாற்றி மாற்றி அழுத்தினால், அதுவே பம்பாகவும் வேலை செய்யும்.

ஆய்வகச் சிப்புகளில் இது பெரிய ஹிட். மருந்து செலுத்த அப்படியே பயன்படுத்துவது கஷ்டம். காற்றழுத்தம் கொடுக்க வெளியே ஒரு செட்டப் வேண்டும். அதைவிட முக்கியம், அழுத்தம் நின்றுவிட்டால் இந்த வால்வு திறந்துகொள்ளும். மருந்து விஷயத்தில் அது தலைகீழ்.

அதனால் வேறு வழிகளும் முயற்சி செய்யப்படுகின்றன:

• பீசோ: மின்னழுத்தம் கொடுத்தால் மிக லேசாக வளையும் பொருள். வேகமானது, மின்சாரம் குறைவாகவே எடுக்கும். ஆனால் அசைவு மிகச் சிறியது. ஸ்விட்சர்லாந்தின் டெபியோடெக் நிறுவனம் இன்சுலினுக்காக உருவாக்கிய சிலிக்கான் சிப் பம்ப் இந்த ரகம்.

• நினைவு உலோகக் கம்பி: சூடாக்கினால் சுருங்கும். விசை அதிகம், ஆறுவதற்கு நேரம் எடுக்கும்.

• மெழுகு: உருகும்போது விரிந்து தள்ளும். மலிவு. ஆனால் மெதுவானது.

• மின்காந்தம்: நன்றாகத் திறக்கும், மூடும். பேட்டரியைத் தின்னும், காந்தத்துக்கும் பயப்பட வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று சந்தையில் உள்ள இன்சுலின் பம்புகளில் பெரும்பாலானவை இந்த வால்வுகளை நம்பி இல்லை. சிரிஞ்சு போன்ற அமைப்பில் பிஸ்டனைத் துளித்துளியாகத் தள்ளுகின்றன. இன்னும் சிறிய, மெல்லிய கருவிகளுக்காகத்தான் வால்வுச் சிப்புகளில் ஆராய்ச்சி நடக்கிறது.

நேரத்தை எண்ணுவதா, அளவை எண்ணுவதா?

கதவை 10 மில்லி விநாடி திறந்து மூடினால் இவ்வளவு மருந்து போகும் என்று கணக்கு வைக்கலாம். ஆனால் உள்ளே அழுத்தம் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

இன்னொரு வழி, இரண்டு கதவு வைப்பது. முதுகுத்தண்டு திரவத்தில் மார்ஃபின் செலுத்துவதற்காக 2012-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதித்த ப்ரொமெட்ரா பம்ப் இதற்கு நல்ல உதாரணம். உள்கதவு திறக்கும், நடுவில் இருக்கும் குட்டி அறை நிரம்பும். உள்கதவு மூடிய பிறகே வெளிக்கதவு திறக்கும்; அறையில் இருந்தது மட்டும் உடலுக்குள் போகும். படி வைத்து அரிசி அளப்பது போலத்தான். எத்தனை படி என்று எண்ணினால் போதும்.

இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தால்?

அதுதான் இந்த வடிவமைப்பின் கெட்ட கனவு. ப்ரொமெட்ராவின் முதல் மாடலுக்கு உண்மையிலேயே அந்த எச்சரிக்கை இருந்தது. எம்.ஆர்.ஐ ஸ்கேனரின் வலுவான காந்தப்புலத்தில் இரண்டு வால்வுகளும் திறந்துகொண்டு, உள்ளே இருக்கும் மருந்து மொத்தமும் வெளியேறிவிடலாம். எனவே ஸ்கேனுக்கு முன்பு பம்பைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்டது. வாய்வழி மார்ஃபினோடு ஒப்பிட்டால், முதுகுத்தண்டு திரவத்தில் தேவைப்படுவது சுமார் 300-ல் ஒரு பங்குதான் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் பொதுவான கணக்கு. வாரக்கணக்கில் போக வேண்டிய மருந்து ஒரேயடியாகப் போனால் மூச்சே நின்றுவிடும். அடுத்த மாடலில், ஓட்டம் அளவு மீறினால் தானாக அடைத்துக்கொள்ளும் இன்னொரு வால்வு சேர்க்கப்பட்டது.

பேட்டரி தீர்ந்தால் மூடட்டுமே, அவ்ளோதானே?

பெரும்பாலும் அதுதான் விதி: பவர் போனால் கதவு மூட வேண்டும். திறந்து கிடக்கும் கதவு நிமிடங்களில் ஆபத்து. மூடிக் கிடக்கும் கதவு சில மணி நேரம் அவகாசம் தரும். ஆனால் மூடுவதும் முழுப் பாதுகாப்பு இல்லை. பம்ப் போட்டிருப்பவர்கள் பொதுவாக நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைத் தனியாகப் போட்டுக்கொள்வதில்லை. சில மணி நேரம் சப்ளை நின்றாலே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் நிலை தொடங்கலாம். தசை இறுக்கத்துக்காக முதுகுத்தண்டில் செலுத்தப்படும் பாக்லோஃபென் திடீரென்று நின்றாலும் உயிருக்கு ஆபத்து. அதனால் மூடும் கதவோடு அலாரமும் சேர்ந்தே வர வேண்டும்.

எதிரிகள் யார்?

காற்றுக் குமிழி முதல் எதிரி. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். வால்வு கொடுக்கும் தள்ளலைக் குமிழி ஸ்பிரிங் மாதிரி வாங்கிக்கொள்ளும், மருந்து நகராது. அடுத்தது தூசி: கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் கதவிடுக்கில் சிக்கினால் கதவு முழுசாக மூடாது. மூன்றாவது, மருந்தேதான். இன்சுலின் ஒரு புரதம். சூட்டிலும் குலுக்கலிலும் அது திரண்டு நாராகி, வாய்க்காலை அடைத்துவிடும்.

அடைப்பில் இன்னொரு தந்திரமும் உண்டு. மணிக்கு 1 மைக்ரோ லிட்டர் ஓடும் இடத்தில், அலாரம் அடிக்கும் அளவுக்கு அழுத்தம் கூடுவதற்கே பல மணி நேரம் ஆகலாம்.

பயன்படுத்துபவர்கள் என்ன கவனிக்கணும்?

• பம்பில் அலாரம் இல்லை என்பதாலேயே மருந்து போகிறது என்று அர்த்தமில்லை. காரணமில்லாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால் டியூபையும் ஊசி இடத்தையும் முதலில் பாருங்கள்.

• மருந்து நிரப்பும்போது குமிழியை வெளியேற்றுவது சம்பிரதாயம் அல்ல. அது டோஸின் ஒரு பகுதி.

• எம்.ஆர்.ஐ எடுக்கும் முன் உடலில் உள்ள எந்தப் பம்பையும், மாடல் பெயரோடு சொல்லுங்கள்.

• இந்தியாவில் 1 மில்லி லிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிகளும் விற்கப்படுகின்றன. யு-100 என்று கணக்கிடும் பம்பில் அதை நிரப்பினால், திரையில் 1 யூனிட் என்று காட்டும்போது உள்ளே போவது 0.4 யூனிட்தான். வால்வு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், குப்பியின் லேபிளைப் படிக்க அதனால் முடியாது.