காற்றுப் போன சக்கரம்: ஏறிச் செல்வதா, இறங்கி நடப்பதா?

தெஹிவளைச் சந்தியிலிருந்து வெள்ளவத்தையை நோக்கிக் காலி வீதி வழியாகச் சைக்கிளிற் செல்லும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நேரம் காலை ஏழரை மணி. எட்டு மணிக்கு அவர் வேலைத்தலத்தில் இருத்தல் வேண்டும். பின்னாலுள்ள கரியரில் ஒரு சுமையும் உண்டு. திடீரென மிதி கனக்கிறது. பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறது. இறங்கிப் பார்த்தால் ரயர் தட்டையாகக் கிடக்கிறது. இன்னும் போக வேண்டியது ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். “கொஞ்சத் தூரந்தானே, மெல்ல மிதித்துப் போய்விடலாம்” என்கிறது மனம். அவ்வாறு போகலாமா, ஆகாதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இதற்கு விடை காண, வண்டியையும் மனிதனையும் தாங்குவது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இறப்பர் தாங்குகிறது என்று பலர் கருதுவர். உண்மையிற் சுமையைத் தாங்குவது இறப்பருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லப் என்பவர், தம் மகனின் முச்சக்கர வண்டி கரடுமுரடான பாதையில் அதிர்வதைத் தணிக்க எண்ணிக் காற்றடைத்த இறப்பர்க் குழாயைச் சக்கரத்திற் பொருத்தினார். 1888ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் சைக்கிளோட்டி ஒருவகையிற் காற்றின்மேல் அமர்ந்தே செல்கிறான்.

ஒரு சிறு கணக்கால் இது தெளிவாகும். பின்சக்கரத்தின்மேல் 100 றாத்தல் பாரம் அழுத்துகிறது என்று கொள்வோம். ரயரினுள் சதுர அங்குலத்துக்கு 50 றாத்தல் அமுக்கத்திற் காற்று இருக்குமாயின், ஏறத்தாழ 2 சதுர அங்குலப் பரப்பே வீதியைத் தொட்டுக்கொண்டு அந்தப் பாரத்தைத் தாங்கிவிடும். அமுக்கம் 25 றாத்தலாகக் குறைந்தால், தொடும் பரப்பு 4 சதுர அங்குலமாக விரியும், ரயர் அகன்று நசுங்கும், மிதி கனக்கும். காற்று முற்றாக நீங்கிவிட்டாலோ, தாங்குவதற்கு எதுவும் இல்லை. பாரம் முழுவதும் இரும்பு றிம்மின் இரு விளிம்புகளின்மேல் இறங்குகிறது. அவ்விளிம்புகளுக்கும் வீதிக்கும் இடையில் ரியூப்பும் ரயரும் அகப்பட்டுக்கொள்கின்றன.

அந்த நிலையில் மிதித்துச் செல்வதால் விளையும் சேதங்கள் படிப்படியானவை. முதலில், சிறு கல்லொன்றில் ஏறியவுடனே றிம்மின் விளிம்புகள் ரியூப்பைக் கடித்து, பாம்பு தீண்டியதுபோல அருகருகே இரண்டு வெட்டுக்களை உண்டாக்கும். முள் குத்திய துளை ஒன்றாயிருந்த இடத்தில் இப்பொழுது மூன்றாகிவிடும். இரண்டாவதாக, தளர்ந்த ரயர் றிம்மின்மேல் வழுக்கி நகரத் தொடங்கும். அதனோடு ரியூப்பும் நகரும். வால்வு மாத்திரம் றிம்மின் துளையில் அசையாது நிற்பதால், அதன் அடிப்பகுதி கிழிந்துபோகும். நடுவில் உள்ள துளைக்கு ஒட்டுப் போடலாம். வால்வின் அடியிற் கிழிந்தால் ரியூப்பையே எறிய நேரும். மூன்றாவதாக, ரயரின் பக்கச் சுவரிலுள்ள நூலிழைகள் அறும். ஈற்றில் றிம் நெளியும், கம்பிகள் தளரும். ஒரு சிறிய ஒட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, ரியூப், ரயர், றிம் என்று வளர்ந்துகொண்டே போகும்.

பொருட்சேதத்தினும் பெரியது உயிருக்குள்ள ஆபத்து. காற்றில்லாத ரயர் வளைவிலே றிம்மை விட்டு விலகக்கூடும். முன்சக்கரம் காற்றிழந்திருந்தால் கைபிடி சொற்கேளாது. பிரேக் பிடித்த கணத்திலே வண்டி சரியலாம். பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் நெருங்கி ஓடும் காலி வீதியில் ஒரு முழம் சரிவதும் பெருந்தீங்காகும். ஆதலால், முன்சக்கரத்திற் காற்றில்லையெனில் ஏறிச் செல்லும் எண்ணமே எழலாகாது.

“காற்றில்லாமலே நெடுந்தூரம் ஓட்டியவர்கள் உண்டே” என்று ஒருவர் வினவலாம். உண்டு. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய யப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தெற்கே சிங்கப்பூரை நோக்கி விரைந்தனர். வெப்பத்தினால் ரயர்கள் பழுதடைந்தபோது, அவற்றைக் கழற்றிவிட்டு வெறும் றிம்மிலேயே ஓட்டினர். இரவில் தார் வீதியிலே எழுந்த அந்த இரும்பொலியைக் கேட்ட எதிர்ப்படையினர், கவச வாகனங்கள் வருவதாக எண்ணி அஞ்சினர் என்று அப்போரைத் திட்டமிட்ட யப்பானிய அதிகாரி ஒருவரே பின்னர் எழுதியுள்ளார். ஆனால் அவர்களுடைய நிலை வேறு. வண்டி பழுதானால் வழியிலுள்ள ஊர்மக்களிடமிருந்து வேறொன்றைப் பறித்துக்கொண்டனர். திருத்துவதற்கெனத் தனி ஆட்களும் படையோடு சென்றனர். தன் உழைப்பில் வாங்கிய ஒரே சைக்கிளை நாளையும் மிதிக்க வேண்டியவனுக்கு அது முன்மாதிரி ஆகாது.

மேலும், இறங்கித் திருத்துவது முன்னொரு காலத்தில் மிகக் கடினமாயிருந்தது. தொடக்கத்தில் ரயரைப் பசையிட்டுச் சக்கரத்தோடு ஒட்டிவைத்தார்கள். பிரான்சு தேசத்தில், மிஷ்லின் சகோதரரின் இறப்பர்த் தொழிற்சாலைக்கு ஒரு பிரயாணி காற்றுப் போன வண்டியோடு வந்தபோது, அதைக் கழற்றித் திருத்தச் சில மணி நேரமும், பசை உலர ஓர் இரவும் வேண்டியிருந்தன. அந்தத் தொல்லையைக் கண்டே அவர்கள் எளிதிற் கழற்றி மாட்டக்கூடிய ரயரை அமைத்து, 1891இல் வெளியிட்டனர். இன்று ஒரு வாளி நீரும், ஓர் ஒட்டுத்துண்டும், சிறிது பசையும் இருந்தால் கால் மணி அல்லது அரை மணி நேரத்திற் காரியம் முடிந்துவிடும். திருத்துதல் இவ்வளவு எளிதான பின்பு, திருத்தாது ஓட்டுவதற்கு நியாயம் குறைவு.

ஆயினும், தட்டையான ரயர்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. எனவே முடிவு செய்யுமுன் சோதித்தறிதல் நன்று. முதலில் வால்வின் வாயில் சிறிது எச்சிலைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால், பழுது வால்விலேயே இருக்கலாம். அதனுள்ளிருக்கும் சிறு இறப்பர்க் குழாயை மாற்றினாற் போதும். அன்றேல், ரயரைச் சுற்றிப் பார்த்து முள்ளோ ஆணியோ தென்பட்டால், அவ்விடத்தை அடையாளமிட்டு அதை நீக்க வேண்டும். நீக்காது ஓட்டினால் அது ரியூப்பின் மறுபக்கத்தையும் குத்தும். அதன்பின் காற்றடித்து ஐந்து நிமிடம் பொறுத்து, பெருவிரலால் அழுத்திப் பார்க்கலாம். விறைப்புக் குறையாதிருந்தால், சுமையைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓட்டிச் சென்று, இடையிடையே மீண்டும் காற்றடித்துக் கடையை அடையலாம். அடித்த காற்று உடனே இறங்கினால், ஏறக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதே முறை. மனிதப் பாரம் நீங்கிய சக்கரத்துக்கு நடையினால் அதிகம் சேதம் நேராது. கரியரிலுள்ள சுமையையும் கையில் எடுத்துக்கொண்டால் இன்னும் நன்று.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நள்ளிரவில் நோயாளிக்காக உதவி தேடி ஓடுபவன் சக்கரத்தைக் கணக்கிடமாட்டான், கணக்கிடவும் கூடாது. பின்சக்கரமாயின், உடலை முன்னுக்குச் சாய்த்து, வளைவுகளில் வேகம் தணித்து அவன் ஓட்டலாம். அங்கே ஒரு ரயரை விலையாகக் கொடுத்து நேரத்தை வாங்குகிறான். வாங்கும் பொருள் அந்த விலைக்குத் தக்கதா என்பதே கேள்வி.

அந்த அளவுகோலால் நம் தொழிலாளியின் நிலையை அளக்கலாம். இரண்டு கிலோமீற்றரை நடந்து கடக்க ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் ஆகும். நெளிந்த சக்கரத்தில் தள்ளாடி ஓட்டினாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடமாவது செல்லும். ஆகவே அவர் மிச்சம் பிடிப்பது கால் மணி நேரத்துக்கும் குறைவே. அதற்கு ஈடாக வைப்பதோ, மாதக் கூலியில் ஒரு பங்கை விழுங்கக்கூடிய ரியூப்பும் ரயரும் றிம்மும். 2022 ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தபோது கொழும்பிலும் பலர் சைக்கிளை நாடினர். சைக்கிளின் விலையும் அதன் பாகங்களின் விலையும் ஏறின. ஒரு ரயரின் அருமை அந்நாட்களிற் பலருக்கு விளங்கியது.

நடந்து சென்றாலும் அவர் எட்டு மணிக்குச் சற்று முன்பின்னாகவே வேலைத்தலத்தை அடைந்துவிடுவார். சில நிமிடம் பிந்தியதற்கு ஒரு கடுஞ்சொல் கேட்க நேரலாம். ஆனால் மாலையில் ஒரு சிறிய ஒட்டோடு அதே சைக்கிள் அவரைத் தெஹிவளைக்குக் கொண்டு சேர்க்கும். மறுநாட் காலையிலும் அவருக்கு அது வேண்டியிருக்கும்.