தூரம் தோளில் இல்லை

கோல்ஃப் என்றதும், "அது துரைமார் ஆட்டம் சார், நமக்கெதற்கு?" என்று நம்மவர்களில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-ல் தொடங்கியது நாம் குடியேறிய இந்தக் கொல்கத்தாவில்தான். அந்த ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஊழியரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌரேசியா 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓபன் பட்டம் வென்றார். அவரும் நெடுந்தூரம் அடிப்பவர் என்று பெயர் எடுத்தவரல்ல.

ஓய்வு பெற்றபின் இந்த ஆட்டத்தில் இறங்கிய சங்க அன்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். கூடும்போதெல்லாம் காதில் விழுவது ஒரே குறைதான்: பந்து தூரம் போகவில்லை. போகவில்லை என்பதால் இன்னும் ஓங்கி அடிக்கிறார்கள். மறுவாரம் இடுப்பில் பெல்ட்டோடு வருகிறார்கள். ஒருவர் மட்டைகளைப் பரணில் ஏற்றியே விட்டார். அவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் நாம் கூடுதலாக எதையும் செய்துவிட முடியாது. டிரைவர் மட்டையின் தலை மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் வந்து முகத்தின் நடுவில் பந்தைத் தொட்டால், பந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில், அதாவது 190 கி.மீ.க்குக் குறையாமல் கிளம்பும். ஓரத்தில் பட்டால் அதே வீச்சுக்கு 175 தேறினால் அதிகம். அந்த வித்தியாசமே சுமார் 20 கஜத்தைத் தின்றுவிடும். ஆக, வேகத்தைக் கூட்டும் முன் எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு பொட்டு வையுங்கள். அடித்ததும் அது மட்டையின் முகத்தில் ஒட்டியிருக்கும். பத்துப் பந்து அடித்தால் உங்கள் பழக்கம் தெரிந்துவிடும்.

இனி வீச்சு. 1980-களில் தென்கிழக்கு ரயில்வேயில் மரக்கட்டை ஸ்லீப்பர்கள் இருந்த இடங்களில் கேங்மேன்கள் டாக் ஸ்பைக் அடிப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒல்லியான ஆள், சம்மட்டியோ கனம். ஆனால் ஒரு அடிகூடத் தண்டவாளத்தில் படாது. புதிதாக வந்த வஸ்தாது ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பான், ஆணி வளையும். பழைய ஆள் சம்மட்டியை உயர்த்தி, அது தானாக விழுவதற்கு வழிவிடுவான், அவ்வளவுதான். பிடியில் இறுக்கம் இல்லாததால் மணிக்கட்டு சுழலும், தலை வேகம் எடுக்கும். கோல்ஃப் மட்டையையும், சாலை கடக்கும்போது பேரப்பிள்ளையின் கையைப் பிடிக்கும் அளவுக்குப் பிடித்தால் போதும்.

கீழ்நோக்கி வரும்போது வரிசை முக்கியம். சரக்கு வண்டி கிளம்பும்போது எஞ்சின் நகர, கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இழுபட்டுக் கடைசி வேகன் கடைசியில்தானே நகர்கிறது? அதுபோல முதலில் இடது இடுப்பு திரும்ப வேண்டும். பிறகு மார்பு, பிறகு கைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் மட்டை. (இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.) கைகள் முந்திக்கொண்டால் வேகமெல்லாம் பந்துக்கு முன்பே தீர்ந்துவிடும்.

இரும்பு மட்டைகளில் இன்னொரு சங்கதி. பந்தைக் கிளப்பவேண்டும் என்று அடியில் கரண்டி போட்டு அள்ளுகிறார்கள். 7-ம் நம்பர் மட்டையின் முகத்திலேயே 30 டிகிரி சாய்வு இருக்கிறது. கிளப்புவது அதன் வேலை. மட்டை முதலில் பந்தைத் தொட்டு, பிறகுதான் புல்லைச் சீவ வேண்டும். சீவிய தழும்பு பந்து இருந்த இடத்துக்கு முன்னால் விழுந்தால் சரி. டிரைவருக்கு இது பொருந்தாது. அதில் பந்தை டீயின் மேல் உயர்த்தி, இடது குதிகாலுக்கு நேராக வைத்து, மட்டை மேலேறத் தொடங்கும்போது அடிக்க வேண்டும்.

நம்மூர்ப் புழுக்கத்தின் மேல் பழி போடுவோர் உண்டு. ஈரக் காற்று கனமானது என்பது தவறு. அதே வெப்பத்தில் அது வறண்ட காற்றைவிடச் சற்று லேசானது. மழைக்காலத்தில் தூரம் குறைவது ஊறிய தரையில் பந்து உருளாததால்தான்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத அரை வீச்சில் இருபது பந்து அடியுங்கள். பலத்தைக் காட்டினால் நிலை தடுமாறும்; ஆகவே காட்ட மாட்டீர்கள். இரண்டு வாரம் இதைச் செய்தபின் முழு வீச்சுக்குப் போகலாம். மட்டை பழையதானால் பிடியின் ரப்பரைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று கல்லாகியிருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள். வழுக்கும் பிடியைக் கை தன்னையறியாமல் இறுக்கத்தான் செய்யும்.