தென்வானில் துடிக்கும் இரண்டு சிவப்பு விண்மீன்கள்

ஜனவரிக் கடைசியில் இரவு எட்டரை மணிவாக்கில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நின்று தெற்கே பார்த்தால், பளிச்சென்று அகத்திய மீன் தெரியும். அதற்கு வலப்பக்கம், சற்றுத் தாழ, வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒரு சிவப்பு விண்மீன் உண்டு. பெயர் ஆர் ரெட்டிகுலி. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அது ஒளி மாறும் விண்மீன் என்று 1867-இல் கண்டறிந்தார். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, ஸ்ரீவைகுண்டத்தில் 18. அவ்வளவு தாழ்வில், கடற்கரை ஊரின் ஈரக்காற்றினூடே அதைப் பிடித்தது பெரிய காரியம்.

ஏறக்குறைய 280 நாளுக்கு ஒருமுறை அது விம்மித் தணிகிறது. அந்தத் துடிப்பில் நம் கண் காணும் ஒளி பல நூறு மடங்கு ஏறி இறங்கும். விண்மீன் வெளியிடும் மொத்த ஆற்றல் அவ்வளவு மாறுவதில்லை. குளிரும்போது வளிமண்டலத்தில் பெருகும் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடுகின்றன.

இந்த வளிமண்டலத்தைக் கணினியில் கட்டியெழுப்புவது கடினம். சூரியனுக்குப் போடும் கணக்கை, ஈர்ப்பும் அழுத்தமும் சமன் என்று வைத்துத் தொடங்கலாம். இங்கே அந்தச் சமனே கிடையாது. ஒவ்வொரு துடிப்பும் ஓர் அதிர்ச்சி அலையை மேலே அனுப்புகிறது. தூக்கியெறியப்பட்ட வாயு விழுந்து முடிவதற்குள் அடுத்த அலை வந்து மோதுகிறது. உயரே போன வாயு குளிர்ந்து தூசியாக உறைகிறது. தூசியை ஒளி தள்ள, தூசி வாயுவையும் இழுத்துக்கொண்டு விண்வெளிக்குப் போகிறது. ஆகவே ஓட்டம், ஒளி, வேதியியல் மூன்றையும் கணத்துக்குக் கணம் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தூசிதான் சிக்கல். இரும்பு கலந்த சிலிக்கேட் துகள், விண்மீன் அருகே ஒளியை உறிஞ்சிச் சூடேறி ஆவியாகிவிடும். இரும்பில்லாத துகளோ கண்ணாடி மாதிரி ஒளியை விட்டுவிடும். பிறகு எது தள்ளுவது? சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக வானியலாளர் சூசன் ஹாஃப்னர் 2008-இல் ஒரு விடை சொன்னார்: துகள் போதிய அளவு வளர்ந்தால் ஒளியைச் சிதறடிக்கும், அந்தச் சிதறலே உந்தும். அழகான விடை. 2012-இல், ஆர் டொராடஸ் முதலிய விண்மீன்களைச் சுற்றி ஏறத்தாழ 0.3 மைக்ரான் ஆரமுள்ள துகள்கள் இருப்பதைச் சிலியின் பெரும் தொலைநோக்கி காட்டியது.

இந்த ஆர் டொராடஸ், ரகுநாதாச்சாரி கண்ட விண்மீனுக்கு ஒரு பாகை தள்ளித்தான் தெரிகிறது, பைனாகுலர் போதும். எடை சூரியனை ஒத்தது, அகலமோ சுமார் 350 மடங்கு. 2024-இல் வெளியான ஆல்மா ரேடியோ தொலைநோக்கிப் படங்களில், சூரியனைப் போல் 75 மடங்கு பெரிய வாயுக் குமிழிகள் அதன் பரப்பில் கொதித்தெழுவது தெரிந்தது. எதிர்பார்த்ததைவிட வேகமாக, ஒரு மாத அளவில் அவை உருமாறுகின்றன. விண்மீனை வழுவழுப்பான உருண்டையாக வைத்துப் போட்ட கணக்குகள் இதற்குப் போதா. முப்பரிமாண மாதிரிகள் வந்துவிட்டன. ஆனால் குமிழிகளுக்கு ஏன் இத்தனை வேகம் என்பது இன்னும் பிடிபடவில்லை.