பட்டியலில் கன்னியாகுமரி எங்கே?

இணையப் படிவத்தில் மாவட்டம் என்ற கட்டத்தைத் தொட்டு, டிராப் டவுன் பட்டியல் விரியத் தாமதமானால், நாம் இணைய வேகத்தைத்தான் திட்டுகிறோம். பல சமயம் பழி சேரவேண்டியது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்ட விதத்துக்கு. தமிழ்நாட்டின் 38 மாவட்டப் பெயர்களை ஒரு கேள்வியில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மாவட்டத்தின் வட்டங்களுக்கும் தனித்தனியே கேட்கும் நிரல்கள் உண்டு. மொத்தம் 39 கேள்விகள். ஒரு சாமானுக்கு ஒரு நடை என்று மளிகைக் கடைக்கு அலைவதைப் போல, நேரமெல்லாம் நடையிலேயே போய்விடும். மாவட்டத்தைத் தேர்ந்த பிறகு அதன் வட்டங்களை மட்டும் கேட்டால் போதும். அப்போதும் குறியீட்டு எண்ணும் பெயரும்தான் தேவை. மற்ற விவரங்களை எதற்கு அள்ளி வரவேண்டும்?

மாவட்டப் பட்டியலையோ ஒவ்வொருவருக்காகவும் கேட்கவே வேண்டாம். ஒருமுறை வாங்கி சர்வரின் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துவிடலாம். புது மாவட்டம் பிறந்தால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்விதான்: 2019இல் 32 மாவட்டங்கள் 37 ஆயின, 2020இல் மயிலாடுதுறை 38ஆவதாகச் சேர்ந்தது. தரவுத்தளத்தில் பெயர் சேரும்போதே கேஷை அழித்தால் தீர்ந்தது. பெயர்களைப் பக்கத்துக்குப் பக்கம் கையால் தட்டி வைக்கும் சோம்பலே உண்மையான ஆபத்து. ஒரு பக்கத்தைத் திருத்த மறந்தால் போதும், தென்காசிக்காரர் இன்னும் திருநெல்வேலியைத்தான் தேர்ந்தாகவேண்டும்.

பட்டியல் சட்டென்று வந்தும் ஊர் அகப்படாவிட்டால் அந்த வேகத்தால் என்ன பயன்? நம் அகரவரிசைப்படி கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்றுதான் வரவேண்டும். ன கடைசி மெய்யல்லவா! யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால் கன்னியாகுமரி கரூரை முந்திவிடும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த பழைய இஸ்கி குறியீட்டைப் பின்பற்றியதால், யூனிகோடில் ந-வை அடுத்தே ன உட்கார்ந்திருக்கிறது. கூர்ந்து தேடினால் கிடைக்காதா என்று கேட்கலாம். 38 பெயர்களில் கிடைக்கும். ஊராட்சிகளோ 12,000க்கு மேல். தமிழ் வரிசை தெரிந்த கொலேஷனை, அதாவது அடுக்கும் விதியை, பெயர்ப் பத்திக்கு அமைத்து, அதன்மேல் இன்டெக்ஸும் போட்டுவிட்டால், பெயர்கள் அடுக்கியபடியே கிடைக்கும். கேட்கும்போதெல்லாம் புதிதாக அடுக்கும் வேலை தரவுத்தளத்துக்கு மிச்சம்.