தரவுத்தள அட்டவணையில் தமிழ்ப் பெயர் ஏன் அதிக இடம் பிடிக்கிறது?

தரவுத்தள அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் அளவு வரம்பு உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் அது 65,535 பைட். இந்த வரம்பு பைட்டில் கணக்கிடப்படுவதால் தமிழ்ப் பெயர்களுக்குத் தனிக் கவனம் தேவை.

விருதுநகர் மாவட்டத்து ஊரான 'மகாராஜபுரம்' கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் துணைக்கால், உகரக் குறி, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறிகள் என்பதால் மொத்தம் 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 33 பைட். இதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 13 பைட் போதும்.

நெடுவரிசையை வார்கேர்(20) என அமைத்தால் மைஎஸ்க்யூஎல் 20 குறிகளை ஏற்கும், பெயர் அடங்கிவிடும். ஆரக்கிளின் இயல்பு அமைப்பில் வார்கேர்2(20) என்பது 20 பைட். பெயர் அடங்காமல் பிழை வரும். அங்கே அளவைக் குறிகளில் குறிப்பிட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் நீண்ட விவரங்களை டெக்ஸ்ட் வகையில் வைத்தால், வரிசை வரம்பில் 9 முதல் 12 பைட் மட்டுமே சேரும்.